தவிசாளர் சூசைப்பிள்ளைக்கு விழுந்த மாலை

“பேய்க்கு மாலை கட்டத் தெரியுமா, அஞ்சலோ?”

“அது தெரியாது மிஸ். ஆனா எங்கட ஊர்ப் பேய்களுக்கு வாக்குப் போடத் தெரியும். இதுவரைக்கும் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை.”

பல்கீஸ் மிஸ் சிரிக்கவில்லை. நான் பகிடி என்று சொல்பவற்றுக்கு அவர் சிரிப்பதே இல்லை. பயந்துபோய் நான் சொல்லும் உண்மைகளுக்குத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய் சொல்லி இழப்பீடு கேட்பவர்களைப் பிடிப்பது அவர் வேலையாக இருந்தது. ஓய்வுபெற்று மூதூருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் மிஸ்ஸைத் தேடி வருவார்கள். மிஸ் என் ஓட்டோவில் ஏறுவார். ஓட்டோவோடு என் வாயும் சேர்ந்து வரும், அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அன்று காலை நாங்கள் நின்றது பாலைக்குடா நகரசபையின் கூட்ட மண்டபத்தில். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடா ஒன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் பாலைக்குடா. இந்த வருடம் அதை மாநகரசபையாக உயர்த்திவிட்டார்கள். சனம் கூடவில்லை, கடைகள் கூடவில்லை, அரச வர்த்தமானியில் ஒரு பக்கம் மட்டும் கூடியது. இவ்வளவு காலமும் தவிசாளர் என்று கூப்பிட்டவரை இனி மேயர் என்று கூப்பிடவேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை உறுப்பினர்கள் கூடி முதல் மேயரைத் தெரிவுசெய்ய இருந்தார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் நேரே கடல். படகு கட்டும் பழைய ஜெட்டியின் கால்களில் அலை அடிக்கும் சத்தம் தரைப்பலகைக்குள்ளால் காலுக்கு ஏறும். முன்சுவரில் பழைய தவிசாளர்கள் வரிசையாகத் தொங்கினார்கள். முதலாமவர் மீசை வைத்த வெள்ளைக்காரர். வரிசையின் கடைசிப் பக்கமாக ஒரு படத்தில் சூசைப்பிள்ளை, வெள்ளைச் சேட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்த முகம். எங்கே நின்றாலும் அவர் என்னைத்தான் பார்த்தார். தூணுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன். அப்போதும் பார்த்தார்.

“விளையாடாம இங்க வாங்க” என்றார் மிஸ்.

படங்களுக்குப் பக்கத்தில் தவிசாளர்களின் பெயர்ப்பலகை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பதவிக்கு வந்த வருடம், ஒரு கோடு, விட்டுப் போன வருடம். சூசைப்பிள்ளைக்கு வந்த வருடமும் கோடும் மட்டும் இருந்தன. கோட்டுக்குப் பிறகு வெறும் பலகை.

அவர் தவிசாளரான கதை ஊருக்கே தெரியும். முப்பது வருடத்துக்கு முந்திய தேர்தல். அவருக்கும் தம்பு என்பவருக்கும் சம வாக்குகள். சட்டப்படி பெட்டிக்குள் பெயர்களைப் போட்டுச் சீட்டு எடுத்தார்கள். சூசைப்பிள்ளையின் பெயர் வந்தது. தம்பு உபதவிசாளர் ஆனார். அந்த வருடமே, ஓகஸ்ட் ஏழாந் திகதி, ஞாயிறு பூசை முடிந்து வந்த சூசைப்பிள்ளை, நகரசபைக் கந்தோருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் வரவில்லை. யுத்த காலம், தேடிப்போய்க் கேட்ட இடமெல்லாம் “எங்களிட்ட இல்லை” என்றார்கள். பிறகு தம்பு தவிசாளர் ஆனார். ஆனாலும் சூசைப்பிள்ளை இருந்த கதிரையில் அவர் இருக்கவில்லை. வீட்டிலிருந்து வேறு கதிரை கொண்டுவந்தார். பிறகு வந்தவர்களும் அப்படியே. அந்தக் கதிரை இன்றைக்கும் மூலையில் கிடக்கிறது. துடைப்பவர்கூட அதைச் சுற்றித்தான் துடைப்பார்.

போன வெள்ளிக்கிழமை காலை சூசைப்பிள்ளையின் படத்தில் ஒரு மாலை தொங்கியது. பூட்டிய மண்டபம். கீர்த்தனி என்கிற எழுதுவினைஞர் அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட, மத்தியானத்துக்குள் ஊரே பேய் பார்த்துவிட்டது. பின்னேரம் சூசைப்பிள்ளையின் மனைவி மரியமலர் அன்ரி மிஸ்ஸின் வாசலில் நின்றார். மாலையை யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

“என்ட மனிசன் செத்துப்போனார் எண்டு ஆர் சொன்னது?” என்றார்.

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உயிரோடு இருப்பவரின் கழுத்தில் மாலை விழலாம், படத்தில் விழாது. காணாமல் போனவர்களின் வீடுகளில் படம் இருக்கும். அதில் மாலை இருக்காது. மரியமலர் அன்ரி வீட்டில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடிகூட இல்லை. மாதத்தின் முதல் வெள்ளிதோறும் மாதா கோயிலில், பூசையில் வாசிக்கச் சொல்லி அவர் கொடுக்கும் பூசைக்கருத்து ஒன்றுதான்: “சூசைப்பிள்ளை சுகமாய்த் திரும்பி வர.” மேயர் வருவதற்கு முன் பலகையை நிரப்பவேண்டும், ‘காலமானார்’ என்று எழுத ஒப்புதல் தாருங்கள் என்று சபையிலிருந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். அன்ரி கதவைச் சாத்திவிட்டார். இப்போது மாலையைக் கண்டதும் அவரே வந்து மிஸ்ஸின் கதவைத் தட்டினார்.

“மாலை போட்டவருக்குத் தெரியும்” என்றார். “எனக்குத் தெரியாத ஒண்டு அவருக்குத் தெரியும். நான் உயிரோட இருக்கிற மனிசனுக்குச் செபிக்கிறனோ, செத்த மனிசனுக்குச் செபிக்கிறனோ? அதைக் கேட்டுச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

மண்டபத்து வாச்சர் ஹிஸ்புல்லா நானா திறப்புக் கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. படம் தொங்கிய ஆணியைப் பார்த்தார்.

“நானா, இந்தப் படச் சட்டத்துக்கு மேல நூல் அறுத்து அறுத்து வந்த கோடு இரிக்கு. ஒரு மாலையால இது வராது.”

நானா தலையைக் குனிந்து திறப்புகளை எண்ணத் தொடங்கினார்.

“எத்தினை வருசமா?”

“நான் வேலைக்கு வந்த நாள் தொட்டு” என்றார் நானா மெதுவாக. “வருசத்துக்கு ஒருக்கா. விடியத் திறந்தா தொங்கும். ஆரும் வாறதுக்கு முன்ன நான் கழட்டிப்போடுவன். இந்த முறை மூதூர் பஸ் வழியில நிண்டு போச்சு. கீர்த்தனிப் புள்ள கந்தோர்த் திறப்பால திறந்து முந்திட்டா.”

“ஏன் கழட்டினீங்க?”

“அந்தம்மா கண்டா தாங்கமாட்டா மிஸ். அவ காத்திட்டிருக்கிறவ.”

“ஒவ்வொரு வருசமும் ஓகஸ்ட் ஏழா?”

“இல்ல. அதுதான் பயம். போன வருசம் ஓகஸ்ட் தொடக்கம். அதுக்கு முந்தின வருசம் ஓகஸ்ட் நடுவில. அதுக்கும் முந்தி ஜூலைக் கடைசி.”

“பேயிட்ட கலண்டர் இல்லைப்போல” என்றேன் நான். “அல்லது தேர்தல் ஆணைக்குழு மாதிரி, திகதியை ஒத்திவைச்சு ஒத்திவைச்சு வருது.”

மிஸ் சட்டென்று திரும்பினார். “திருப்பிச் சொல்லுங்க.”

“தேர்தல் ஆணைக்குழு...”

“அதில்ல. கலண்டர்.” அவர் நானாவைப் பார்த்தார். “நானா, நீங்க பள்ளிவாசல்ல பிறை பாக்கப் போற ஆள்தானே? மாலையைக் கண்ட நாள்கள்ல வானத்தில நிலவு இரிந்ததா?”

நானா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருடைய முகம் மாறியது. “இல்ல மிஸ். எப்பவும் பிறை பாக்கப் போறதுக்குக் கிட்டத்தான். நிலவே இராது.”

“எங்கட நோன்பு வருசா வருசம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். இந்த மாலையும் அப்பிடித்தான் வருது. ஆனா ஒரு வருசம் திடீரெண்டு பின்னுக்குப் பாய்ஞ்சிரிக்கு. எங்கட கணக்கு அப்பிடிப் பாயாது. ஆற்ற கணக்கு பாயும்?”

கணினிக்குப் பின்னால் இருந்த கீர்த்தனி எழுந்துவிட்டாள். வெருகலிலிருந்து இந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவள். அந்தக் கந்தோரில் சைவப் பிள்ளை என்றால் அவள் ஒருத்திதான்.

“கடவுளே! வெள்ளிக்கிழமை நான் மாலையைக் கண்டனான். அதுக்கு முதல் நாள்தான் ஆடி அமாவாசை!”

எனக்கும் அந்த நாள் தெரியும். சைவ ஆட்கள் விடியவே கடலில் தீர்த்தமாடப் போவார்கள், ஓட்டோவுக்கு நல்ல ஓட்டம் இருக்கும். கத்தோலிக்க வேதக்காரனான எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அண்டைக்கு என்ன செய்வீங்க, தங்கச்சி?” என்றார் மிஸ்.

“நான் ஒண்டும் செய்யிறேல்லை மிஸ். எனக்கு அப்பா இருக்கிறார். தகப்பனைப் பறிகொடுத்த ஆக்கள்தான் அந்த விரதம் பிடிக்கிறது. கடலில முழுகி, ஐயரிட்ட எள்ளும் தண்ணியும் இறைச்சு, வீட்டை வந்து காத்தோட்டிக்காய் சேர்த்துச் சமைச்சுச் சாப்பிடுவினம். தாய்க்குச் சித்திரைப் பூரணை. இது தகப்பனுக்கு மட்டும்.”

ஜெட்டிக் காலில் அலை அடித்தது.

“சூசைப்பிள்ளைக்குப் புள்ள?” என்றார் மிஸ்.

“இல்லை” என்றேன். “சட்டப்படி இல்லை.” சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் என் வாய்க்குத் தடுப்பு இல்லை. “அப்ப மனிசன் எங்கையோ ஒரு சைவ வீட்டில... பெரிய இடத்துக் கதைதான் மிஸ். அன்ரிக்கு எப்பிடிச் சொல்லுறது?”

“அவசரப்படாதீங்க. அண்டைக்கு ஆர் ஆர் கடலுக்குப் போனது?”

“அதை என்னிட்டைக் கேளுங்கோ. நாலு ஹயர். விதானையாற்ற மனிசி, பேக்கரிக்காரர், வாத்தியார், பிறகு எங்கட மேயர் வேட்பாளர் கோகுலன் ஐயா. நல்ல மனிசன். முழுகிப்போட்டு வரேக்க எனக்கும் ஒரு காத்தோட்டிக்காய் தந்தவர். கடிச்சுப் பாத்தன், இன்னும் நாக்குக் கைக்குது.”

கீர்த்தனி என்னைப் பார்த்த பார்வையில் பேயைக் கண்ட களை இருந்தது.

“அண்ணை, கோகுலன் ஐயா ஐயரிட்டை இருந்து எள்ளுத்தண்ணி இறைச்சவரோ?”

“ஓம். எல்லாரும்தானே?”

“அவற்ற அப்பா தம்பு ஐயா உயிரோட இருக்கிறாரே அண்ணை! தகப்பன் இருக்கேக்க ஒரு பிள்ளை அதைச் செய்யாது. செய்யக்கூடாது. தகப்பனைச் சாகச் சொல்லுற மாதிரி!”

மிஸ் இப்போது சிரித்தார். மெலிதாக, கொஞ்சம் கவலையோடு.

“பேயை உங்கட ஓட்டோவில ஏத்தி, அது தந்த காயையும் தின்னுட்டு, என்னோட சேர்ந்து தேடியிரிக்கீங்க, அஞ்சலோ. போய் மரியமலரைக் கூட்டிட்டு வாங்க. நான் கோகுலனுக்குப் ஃபோன் எடுக்கிறன்.”

வரும் வழியில் அன்ரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “தெரிஞ்சுபோச்சோ தம்பி?” எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. “தெரியப்போகுது அன்ரி” என்றேன். அவர் செபமாலையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். எனக்கோ அந்த வீதி முடியாமலே நீண்டால் நல்லது என்று இருந்தது.

அன்ரியை மண்டபத்தின் பின்வரிசை வாங்கில், தூணின் மறைவில் மிஸ் இருத்தினார். கொஞ்ச நேரத்தில் கோகுலன் வந்தார். நாற்பதைத் தொடும் வயது, தேய்த்த சேட்டு, வெள்ளிக்கிழமைக்கு இப்போதே தயாரான முகம். மூலையில் கிடந்த கதிரையைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் விலகி நடந்தார்.

“வாப்பா சுகமா இரிக்காரா?” என்றார் மிஸ்.

“ஓம் மிஸ். தொண்ணூறு கிட்ட வந்திட்டுது. படுக்கைதான், ஆனா சுகம்.”

“அல்லாஹ் இன்னும் ஆயுசைக் குடுக்கட்டும். அப்ப ஆடி அமாவாசைக்குக் கடல்ல ஆருக்குத் தண்ணி இறைச்சீங்க?”

கோகுலன் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். கடைசியில் படத்தைத்தான் பார்த்தார்.

“கேக்க ஒரு ஆள் வருமெண்டு இத்தினை வருஷமாப் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார். “ஒருத்தரும் கேக்கேல்லை.”

பக்கத்தில் இருந்த மேசையில் சாய்ந்துகொண்டார்.

“அண்டைக்கும் ஆடி அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை, கந்தோரில ஒருத்தரும் இல்லை. நான் சின்னப் பெடியன். அப்பா தன்ட தகப்பனுக்குத் தீர்த்தமாடிப்போட்டு, ஏதோ அலுவலாத் தவிசாளரைப் பாக்க என்னையும் கூட்டிக்கொண்டு வந்தவர். நெத்தி நிறையத் திருநீறு. வாசலில வாகனம் வந்து நிண்டது. ‘தம்பு ஆர்? வெளியில வா’ எண்டு கூப்பிட்டாங்கள். ஆர் எண்டு தெரியாது. அந்தக் காலத்தில அதை ஆரும் திருப்பிக் கேக்கிறேல்லை. அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு பின் அறைக்குள்ள பூந்திட்டார்.”

“சூசைப்பிள்ளை?”

“எங்களுக்குப் பின்னாலை வந்தவர். ஒளிக்க வாறார் எண்டு நினைச்சன். குனிஞ்சு என்ட முகத்தைப் பாத்தவர். கழுத்தில கிடந்த குருசைக் கழட்டி என்ட கையில வைச்சார். பிறகு...” கோகுலனின் கை தானாக நெற்றிக்குப் போனது. “என்ட நெத்தியில இருந்த திருநீறை விரலால வழிச்சுத் தன்ட நெத்தியில பூசினார். கதவைச் சாத்திப்போட்டு முன்னுக்குப் போய், ‘நான்தான் தம்பு’ எண்டார்.”

சுவரிலிருந்து சூசைப்பிள்ளை பார்த்துக்கொண்டேயிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த அந்த முகம். எதைச் சொல்ல என்று எனக்கு இப்போது விளங்கியது.

“பின் யன்னலால பாத்தனான். ஜெட்டி நுனிக்குக் கொண்டுபோனாங்கள். ஒரு வெடி. பிறகு கடல்.” கோகுலன் குரலை இறக்கினார். “சீட்டில அவற்ற பேர் வந்தது. சாவுக்கு எங்கட அப்பாவின்ட பேர் வந்தது. அவர் ரெண்டையும் எடுத்துக்கொண்டு போயிட்டார்.”

“ஏன் சொல்லேல்லை?”

“அப்பா என்ட தலையில கை வைச்சுச் சத்தியம் வாங்கினவர். அவர் இருக்குமட்டும் வாய் திறக்கக்கூடாதெண்டு. முதல் பயம். பிறகு தவிசாளர் பதவி. பிறகு வெட்கம். நான் வாய் திறக்கேல்லை மிஸ். ஆனா என்ட திருநீறோட போன மனிசனுக்கு நான்தானே பிள்ளை? பெரியாளானதிலயிருந்து தண்ணி இறைக்கிறன். அப்பாவிட்டைக் கிடந்த பழைய பின்கதவுத் திறப்பால வந்து மாலை போடுறன். மாலையைக் கண்டா அந்தம்மாவுக்கு விளங்கும், வந்து கேப்பா, நான் தலையை ஆட்டினாலே போதும் எண்டு நினைச்சன். ஒரு வருஷமும் அவ வரேல்லை.”

ஹிஸ்புல்லா நானாவின் கையிலிருந்து திறப்புக் கொத்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் கோகுலன் திரும்பினார். தூணைப் பிடித்துக்கொண்டு மரியமலர் அன்ரி எழுந்து நின்றார்.

அவர் அழவில்லை. நேரே நடந்து வந்து கையை நீட்டினார். கோகுலன் தன் சேட்டுக்குள் கைவிட்டார். கழுத்தில் உருத்திராட்சத்தோடு சேர்த்துக் கோத்திருந்த ஒரு சின்னக் குருசு. அதைக் கழற்றி அன்ரியின் கையில் வைத்தார்.

அன்ரி அதை வாங்கி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“இதில ஒரு கீறல் இருக்கும். கலியாணத்தண்டு நான் கீழ விழுத்தினது” என்றார். தடவிக்கொண்டே இருந்தார். “இருக்கு.”

“அம்மா, என்னை...”

“உன்னை மன்னிக்கிறதோ இல்லையோ எண்டு எனக்கு இப்ப தெரியாது. எவ்வளவு காலம்! படலையைப் பூட்டாமப் படுத்தனான். மழை பெய்தாலும் பூட்டேல்லை.” இப்போதுதான் குரல் உடைந்தது. “அவர் தம்பு எண்ட பேரில செத்தவர். அவற்ற பேரை அவருக்குத் திருப்பிக் குடு. வெள்ளிக்கிழமை, உன்ட பேரை அவங்கள் வாசிக்க முதல், நீ எழும்பி நிண்டு அவற்ற பேரைச் சொல்லு. என்ன நடந்தது எண்டு சொல்லு.”

“சொன்னா அவருக்கு ஒரு வாக்கும் விழாது” என்றேன் நான், யாரும் கேட்காமலே.

“சொல்லுறன்” என்றார் கோகுலன். “அப்பாவிட்டை இண்டைக்கே சொல்லிப்போட்டு வாறன்.”

மிஸ் போய், மூலையில் கிடந்த கதிரையை எடுத்துத் தன் முந்தானையால் தூசியைத் துடைத்து, அன்ரிக்கு முன்னால் வைத்தார். அன்ரி அதில் இருந்தார். அந்தக் கதிரையில் ஒரு ஆள் இருப்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். “நான்தான் பாவி, அம்மா. ஒவ்வொரு வருசமும் கழட்டினது நான். நீங்க காணக்கூடாதெண்டு.”

“கழட்டி எங்கை போட்டனீங்கள் நானா?”

“குப்பையில போட மனம் வரல்ல. கடல்ல போட்டன்.”

“எந்த இடத்தில?”

“ஜெட்டி நுனியில.”

கீழே அலை வந்து கால்களில் அடித்துவிட்டுப் போனது.

“அப்ப ஒரு வருஷமும் தவறாமல் அவருக்குக் கிடைச்சிருக்கு” என்றார் மரியமலர் அன்ரி.

அவர் கேட்டபடி ஓட்டோவை நேரே கோயிலுக்கு விட்டேன். கோயில் கந்தோரில் இருந்த சிஸ்ரர் அன்ரியைக் கண்டதும் பேனையை எடுத்தார். முதல் வெள்ளி வருகிறதல்லவா.

“வழமைபோலத்தானே அன்ரி? சூசைப்பிள்ளை சுகமாய்த் திரும்பி வர?”

அன்ரி குருசை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தார்.

“இல்லைப் பிள்ளை. அவர் இனி வரத் தேவையில்லை. இளைப்பாறட்டும் எண்டு எழுதுங்கோ.”